திருகோணமலையில் ஒரு தொழில் மறுவாழ்வு நிலையம்: நாரி நோவோடு போன ஒருவரின் வீட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

தொழிலால் வந்த நாரி நோ (கீழ் முதுகு வலி), தோள் பிடிப்பு, மணிக்கட்டு விறைப்பு ஆகியவற்றால் வேலையை விட்டு வீட்டில் இருப்பவர்களை மீண்டும் ஒரு வேலையில் நிலைநிறுத்துவதற்கென்றே இயங்கும் சிறிய தனியார் நிலையம் ஒன்று திருகோணமலை நகருக்குள், பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது. என் தம்பி சென்ற மாரி காலம் முழுவதும் அங்கே போய் வந்தான். அவனுக்குத் துணையாகப் போனவள் என்ற முறையிலும், அந்த மாதங்களில் அவன் வீட்டுச் செலவைப் பகிர்ந்துகொண்டவள் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் நிலையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. நிரந்தரமான ஒரு முதலாளியின் கீழ் வேலை செய்பவர் எவரும் தயங்காமல் அங்கே போகலாம் என்பதே என் முடிவு. நாட்கூலிக்குப் போகிறவருக்கு அங்கே கிடைப்பது அரைவாசிதான். நிலையத்தாரின் திறமையில் குறை இருப்பதாக இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். நோயாளியின் உடம்போடு சேர்த்து அவர் வேலை செய்யும் இடத்தையும் திருத்தினால்தான் இந்தச் சிகிச்சை முழுமை பெறுகிறது. திருத்தித் தருவதற்கு ஒரு முதலாளி இல்லாதவருக்கு மற்றப் பாதி கிடைக்காமலே போகிறது.

தம்பி மொத்த வியாபாரக் கடையொன்றின் களஞ்சியத்தில் பத்து வருடங்களுக்கு மேலாக நாட்டாமை வேலை, அதாவது மூட்டை தூக்கும் வேலை, செய்கிறான். சீனக்குடாவில் மா ஆலையும் சீமெந்து ஆலையும் இருக்கும் இந்த மாவட்டத்தில் 50 கிலோ மூட்டை என்பது எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. லொறியிலிருந்து இறக்கி, களஞ்சியத்துக்குள் அடுக்கி, பிறகு அதே மூட்டையை இன்னொரு லொறியில் ஏற்றுவதுதான் அவன் நாள் முழுவதும் செய்கிற வேலை. முதலில் காலையில் எழும்பும்போது மட்டும் நாரி இறுகியிருந்தது. பிறகு மாலையிலும் இருந்தது. கடைசியில் ஒரு நாள் நிலத்திலிருந்து மூட்டையை எடுத்துத் திரும்பியவன் நிமிர முடியாமல் அப்படியே குந்திவிட்டான். எண்ணெய் பூசினோம், பற்றுப் போட்டோம், முறிவு நெரிவு வைத்தியர் ஒருவரிடமும் போனோம். மருந்துக்கடையில் இடுப்புப் பட்டியும் வாங்கினோம். தனியாரில் எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில் முதுகெலும்புத் தட்டு (முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தை போல இருப்பது) பிதுங்கியிருப்பதாக எழுதியிருந்தது. அந்த ஒரு வரியைப் படித்த நாளிலிருந்து அவன் நடமாட்டமே மாறிவிட்டது. கிணற்றடியில் வாளியை அரைவாசிக்கு மேல் நிறைக்க மாட்டான். நிலத்தில் விழுந்த சாவியைக் கூடப் பிள்ளையைக் கூப்பிட்டு எடுத்துத் தரச் சொல்வான்.

படுத்திருந்தால் சுகமாகிவிடும் என்று சொன்னவர்களே அதிகம். நாரி நோவுக்கு நீண்ட படுக்கை உதவாது என்பது மருத்துவத்தில் இன்று நேற்று தெரிய வந்த செய்தியல்ல. 1986ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் 203 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை 2 நாட்களும் மற்றப் பகுதியினரை 7 நாட்களும் படுத்திருக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். 2 நாட்கள் மட்டும் ஓய்வெடுக்கச் சொல்லப்பட்டவர்கள் வேலைக்குப் போகாமல் இழந்த நாட்கள் மற்றவர்களுடையதை விட 45 சதவீதம் குறைவாக இருந்தன. எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் பற்றியும் அப்படி ஒரு தகவல் இருக்கிறது. 1994இல் வெளியான ஆய்வொன்றில் முதுகில் எந்த நோவும் இல்லாத 98 பேரைப் படம் எடுத்துப் பார்த்தபோது, அவர்களில் 52 சதவீதமானோருக்குக் குறைந்தது ஓரிடத்திலாவது தட்டு பிதுங்கியிருந்தது. இந்த இரண்டு செய்திகளையும் எங்களுக்கு முதன்முதலில் சொன்னது இந்த நிலையம்தான். அதற்கு முன் நாங்கள் பணம் கட்டிய எந்த இடத்திலும் எவரும் சொல்லவில்லை. அறிக்கையில் இருக்கும் சொல்லைக் கண்டு பயந்து உடம்பை அசைக்காமல் வைத்திருக்கும் ஒரு தொழிலாளிக்கு, இந்த விளக்கம் மாத்திரையை விடப் பெரிய உதவி.

முதல் நாளில் அவர்கள் கேட்ட கேள்விகளிலிருந்தே இது வேறு விதமான இடம் என்று விளங்கியது. முதலில் ஆபத்தான அறிகுறிகள் ஏதும் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமல் போனதா, தொடைகளுக்கு இடையில் உணர்வு மரத்துப்போனதா, காலில் பலம் குறைந்துகொண்டே வருகிறதா, காய்ச்சலோ காரணமில்லாத மெலிவோ இருக்கிறதா, உயரத்திலிருந்து விழுந்தாரா என்பவை அவை. இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தாலும் பயிற்சி தொடங்காமல் நேரே அரசாங்க வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுவார்கள். இதை வாசிப்பவர்களும் இந்தப் பட்டியலை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் முதலாவதும் இரண்டாவதும் மணித்தியாலக் கணக்கில் கவனிக்க வேண்டியவை. அதன் பிறகு முதுகைப் பற்றிக் கேட்டதை விட வேலையைப் பற்றிக் கேட்டதுதான் அதிகம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய எத்தனை மூட்டை, எந்த உயரத்திலிருந்து எந்த உயரத்துக்கு, தோளில் வைத்து நடக்கும் தூரம் எவ்வளவு, லொறியில் ஏறுவதற்குப் பலகை போடுவார்களா, தனியாகத் தூக்குவதா இருவர் சேர்ந்தா, சாப்பாட்டு நேரத்தைத் தவிர எப்போது உட்காரலாம் என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதினார்கள். கடையில் யாரோடு மனஸ்தாபம், திரும்பிப் போனால் முதலாளி ஏற்றுக்கொள்வாரா என்றும் கேட்டார்கள். தம்பி அதற்குத்தான் நீண்ட நேரம் பதில் சொன்னான்.

அடுத்து அவன் எவ்வளவு செய்யக்கூடியவன் என்பதை அளந்தார்கள். பின்னறையில் சுவரோடு சேர்த்து மூன்று மரத் தட்டுகள் அடித்திருக்கிறார்கள். ஒன்று முழங்கால் உயரத்தில், ஒன்று இடுப்பு உயரத்தில், ஒன்று தோள் உயரத்தில். நிலத்தில் வெள்ளைச் சாக்குகள் வரிசையாக இருக்கும். உள்ளே மணலும் உமியும் கலந்து கட்டி, ஒவ்வொன்றின் வயிற்றிலும் நிறையை மையால் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். 5 கிலோவில் தொடங்கி ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு மாற்றச் சொல்லி, ஒவ்வொரு முறையும் நாடித்துடிப்பைப் பார்த்து, முகத்தை விடப் பாதங்களைத்தான் சிகிச்சையாளர் கவனித்தார். பாதம் நகராமல் இடுப்பு மட்டும் திரும்பத் தொடங்கியதும் அந்த நிறையோடு நிறுத்திவிட்டார். தம்பிக்கு அது புரியவில்லை. "மிஸ், எனக்கு இன்னும் நோகயில்லையே" என்றான். "நோகட்டும் எண்டு காத்திருக்கிற இடம் இல்ல இது, தம்பி. கால் திரும்பாம நாரி திரும்பினா அதுதான் உங்கட அளவு" என்று அவர் சொன்னார். அன்று எழுதிக் கொடுத்த தாளில் அவனுடைய அளவு முழங்காலிலிருந்து இடுப்புக்கு எவ்வளவு, இடுப்பிலிருந்து தோளுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக இருந்தது. ஒரு மனிதரின் பலத்தை ஒரே எண்ணால் சொல்ல முடியாது என்பதை அந்தத் தாள் காட்டியது.

பயிற்சி இதே தட்டுகளையும் சாக்குகளையும் கொண்டுதான். கட்டிலில் படுக்க வைத்து மின்சாரம் பாய்ச்சும் சிகிச்சை முதல் சில நாட்களோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு நடை, குந்தி எழும்புதல், ஏணிப்படி ஏறுதல், சாக்கை மாற்றுதல், சாக்கோடு நடத்தல் என்று அவன் செய்யும் வேலையையே துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் அன்றைய எண்ணிக்கையை முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். நோ கூடினாலும் குறைந்தாலும் அந்த எண்ணிக்கை மாறாது. உடம்பு நன்றாக இருக்கிற நாளில் கூடுதலாகச் செய்யவும் விடமாட்டார்கள். இந்த முறைக்குப் பின்னால் நல்ல சான்று இருக்கிறது. சுவீடனின் கோத்தன்பேர்க் நகரத்தில் வொல்வோ கார் நிறுவனத்தின் தொழிலாளர்களிடம் இவ்வாறு படிப்படியாக அளவு கூட்டும் பயிற்சியைச் செய்து பார்த்து 1992இல் வெளியிட்ட ஆய்வில், வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களை விட இவர்கள் விரைவாக வேலைக்குத் திரும்பினார்கள். நோவைப் பார்த்து நிறுத்தப் பழகியவர் ஒவ்வொரு நாளும் நோவைத்தான் தேடிக்கொண்டிருப்பார். எண்ணிக்கையைப் பார்த்து நிறுத்துபவரின் கவனம் வேலைக்குத் திரும்புகிறது. தம்பியிடம் இந்த மாற்றத்தை நான் கண்ணால் கண்டேன். கிணற்றடியில் வாளி நிறைய அள்ளத் தொடங்கியபோது அதைப் பற்றி அவனே எதுவும் சொல்லவில்லை.

இந்த நிலையத்தின் உண்மையான பெறுமதி அதன் பின்னறையில் இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. பயிற்சியின் நடுவில் சிகிச்சையாளரும் இன்னொரு பணியாளரும் தம்பியின் கடைக் களஞ்சியத்துக்கே வந்தார்கள். அந்த ஒரு நாளுக்காகவே இந்த இடத்தைப் பரிந்துரைக்கலாம். முதலாளியிடம் முன்கூட்டியே பேசி, வியாபாரம் குறைந்த மத்தியான நேரத்தைத் தெரிவு செய்து வந்தார்கள். கையில் ஓர் அளவு நாடா மட்டும் இருந்தது. மூட்டையைத் தூக்கத் தொடங்கும் நிலையில் தம்பியை நிற்க வைத்து, இரண்டு கணுக்கால்களுக்கும் நடுவிலிருந்து இரண்டு கைகளுக்கும் நடுப்புள்ளி வரை உள்ள தூரத்தை நிலத்தோடு அளந்தார்கள். அடுக்கின் முன்வரிசை மூட்டைகள் காலுக்கு முன்னால் தடுப்பதால், பின்வரிசை மூட்டையை அவன் எட்டி எடுக்க வேண்டியிருந்தது. தூரம் ஏறக்குறைய 50 செ.மீ. வந்தது.

அந்த அளவின் பொருள் இதுதான். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் தேசிய நிறுவனம் 1991இல் திருத்தியமைத்த தூக்கல் சமன்பாட்டின்படி, எல்லாம் மிகச் சாதகமாக இருக்கும்போது கூட ஒருவர் தூக்குவதற்குப் பரிந்துரைக்கப்படும் உச்ச நிறை 23 கிலோதான். சாதகம் என்பது, பொருள் உடம்பிலிருந்து 25 செ.மீ. தூரத்துக்குள், நிலத்திலிருந்து 75 செ.மீ. உயரத்தில், பிடிப்பதற்கு நல்ல கைபிடியோடு, உடம்பைத் திருப்பாமல், அடிக்கடி அல்லாமல் தூக்குவதைக் குறிக்கும். தூரம் 25 செ.மீ.இலிருந்து 50 ஆனால் அந்த 23 கிலோ பாதியாகக் குறைந்துவிடும். நிலத்திலிருந்து எடுத்தால் இன்னும் குறையும். தம்பி நின்ற நிலையில் கணக்குப் போட்டால் அது 10 கிலோவுக்கும் கீழே போய்விட்டது, அவன் தூக்கியதோ 50 கிலோ. இந்தக் கணக்கை முதலாளியின் முன்னால், அவருடைய பில் புத்தகத்தின் பின்பக்கத்திலேயே போட்டுக் காட்டினார்கள். குற்றம் சாட்டும் தொனி கொஞ்சமும் இல்லை. முதலாளி நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "அப்ப மூட்டைய எல்லாரும் இப்பிடித்தானே தூக்குறாங்க, மிஸ்" என்றார். அவர் சொன்னது சரிதான். எல்லோரும் அப்படித்தான் தூக்குகிறார்கள், அதனால்தான் அந்த நிலையத்தின் வாங்குகளில் இடம் கிடைப்பதில்லை.

அன்று தீர்மானித்த மாற்றங்கள் பெரிய செலவு பிடிப்பவையல்ல. மூட்டைகளை வெறும் நிலத்தில் அடுக்காமல், பழைய மரப்பலகைகளால் செய்த தட்டுகளின் மேல், முழங்காலுக்குக் கீழே எதுவும் வராதபடி அடுக்குவது. அடுக்கைத் தோளுக்கு மேல் உயர்த்தாமல் அகலத்தில் விரிப்பது. வரிசைகளுக்கு இடையில் கால் வைக்க இடம் விடுவது. களஞ்சியத்தின் மூலையில் சக்கரம் பழுதாகிக் கிடந்த கைவண்டியைத் திருத்துவது. 50 கிலோ மூட்டையை இருவர் சேர்ந்து தூக்குவது. கடைசி மாற்றத்துக்குத்தான் முதலாளி தயங்கினார், இருவரின் நேரம் போகுமே என்று. சிகிச்சையாளர் உடனே ஒரு லொறி இறக்கும் வேலையை இரண்டு விதமாகவும் செய்ய வைத்து நேரம் பார்த்தார். இருவர் சேர்ந்து இறக்கியபோது இடையில் ஓய்வுக்கு நிற்கவில்லை; வித்தியாசம் முதலாளி பயந்த அளவுக்கு வரவில்லை. அதன் பிறகுதான் அவர் ஒப்புக்கொண்டார். முதல் கிழமைகளில் அரை நாள் வேலை, மூட்டைக்குப் பதிலாகக் கணக்குப் பார்ப்பதும் சிறு பொதிகளைப் பிரிப்பதும் கூடுதலாக, பிறகு படிப்படியாக முழு நாள் என்று ஒரு தாளில் எழுதி மூவரும் கையொப்பமிட்டார்கள்.

சிகிச்சையை வேலைத்தலத்துக்குக் கொண்டுபோவதன் பயன் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஷேர்ப்ரூக் நகரத்தை மையமாக வைத்து நடந்த ஆய்வொன்றில் தெளிவாகவே காட்டப்பட்டது. நாரி நோவால் 4 கிழமைகளுக்கு மேல் வேலைக்குப் போகாத 130 தொழிலாளர்களைக் கொண்டு செய்து 1997இல் வெளியிட்ட அந்த ஆய்வில், மருத்துவ மறுவாழ்வும் வேலைத்தலத் திருத்தமும் சேர்த்துப் பெற்றவர்கள், வழமையான கவனிப்பு மட்டும் பெற்றவர்களை விட 2.4 மடங்கு விரைவாகத் தங்கள் பழைய வேலைக்குத் திரும்பினார்கள். அந்த வேகத்தின் பெரும் பங்கு வேலைத்தலத்தில் செய்த தலையீட்டிலிருந்து வந்ததாகவே ஆய்வாளர்கள் முடிவு சொன்னார்கள். உடற்பயிற்சியை எந்த ஊரிலும் எவரும் கற்றுக்கொடுக்கலாம். களஞ்சியத்துக்குள் வந்து முதலாளியோடு பேசித் தருகிறவர்கள் இந்த மாவட்டத்தில் வேறு எங்கும் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை.

இடுப்புப் பட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. மருந்துக்கடைகளில் அதை விற்கிறார்கள், நாட்டாமை வேலை செய்பவர்கள் பலர் சட்டைக்கு மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு திரிகிறார்கள். அமெரிக்காவில் பெரிய விற்பனை நிலையங்களில் பொருள் ஏற்றி இறக்கும் 9,000இற்கும் மேற்பட்ட ஊழியர்களைக் கொண்டு செய்து 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பட்டி கட்டுவது முதுகு உபாதையையோ நாரி நோவையோ குறைக்கவில்லை என்றே முடிவு வந்தது. நிலையத்தார் தம்பியின் பட்டியைக் கழற்றச் சொல்லவில்லை, பயிற்சியின்போது மட்டும் கட்ட வேண்டாம் என்றார்கள். சில கிழமைகளில் அவனே அதை எடுத்து வைத்துவிட்டான்.

காத்திருக்கும் வாங்கில் பலரைச் சந்தித்தேன். ஆடைத் தொழிற்சாலையில் ஒரே தையலைத் தைத்துத் தைத்து, இரவில் பெருவிரல் முதல் நடுவிரல் வரை விறைத்து எழும்பிவிடும் ஒரு பிள்ளை. மணிக்கட்டின் வழியே போகும் நரம்பு நெரிபடுவதால் வரும் நோய் அது. சீலிங் பூசுவதற்குக் கையைத் தலைக்கு மேல் உயர்த்த முடியாமல் போன மேசன் ஒருவர். நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுக்கும் ஒரு பெரியவர். அவருடைய தோளுக்குப் பயிற்சி நன்றாகவே பலன் கொடுத்திருந்தது. ஆனால் கரைவலையில் நூற்றுக்கணக்கான மீற்றர் கயிற்றை மணலில் பின்னோக்கி நடந்து இழுக்க வேண்டும், ஆட்கள் குறைந்தால் ஒவ்வொருவரின் தோளுக்கும் பாரம் கூடும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் பேசித் தருமாறு அவர் கேட்டிருக்கிறார். பல சம்மாட்டிமாரிடம் மாறி மாறிப் போகிறவருக்கு யாரிடம் பேசுவது என்று நிலையத்தார் கைவிரித்துவிட்டார்கள். "தோளச் சரியாக்கித் தந்தவங்க மகள், கயித்தச் சரியாக்கித் தர ஆள் இல்ல" என்று அவர் என்னிடம் சொன்னார்.

இதுவே இந்தச் சேவையின் முதலாவது பெரிய குறை. நாட்கூலிக்காரருக்கு வேலைத்தலப் பார்வை என்ற பகுதியே இல்லை, ஆனால் கட்டணத்தில் அதற்கேற்ற கழிவும் இல்லை. ஒரு தடவைக்கான கட்டணம் ஒரு நாட்கூலியின் ஏறக்குறைய அரைவாசி வருகிறது. வேலைக்குப் போகாமல் இருப்பவருக்கு அது பாரமான தொகை. கடற்றொழிலாளர் சங்கங்களோடு பேசி, ஒரு கரையில் வலை இழுக்கும் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பார்வையை ஏன் செய்யக்கூடாது என்று நான் எழுத்தில் கேட்டேன், பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். செய்ய முடியும் என்றே நம்புகிறேன்.

இரண்டாவது, பழைய வேலைக்குத் திரும்பவே முடியாதவர்களுக்கான வழிகாட்டல் பலவீனமானது. தொழில் மறுவாழ்வு என்று பெயர் வைத்த பிறகு அந்தப் பகுதியும் பயிற்சியளவுக்குத் திருத்தமாக இருக்க வேண்டும். அந்த மேசனுக்கு அவர்கள் சொன்ன யோசனை கணினி வகுப்பு. எட்டாம் வகுப்போடு கொத்துக்கரண்டி எடுத்து, வீட்டுத் திட்டத்தைப் பார்த்ததும் கல், மணல், சீமெந்துக் கணக்கை மனதாலேயே சொல்லக்கூடிய ஒருவரிடம் இருக்கும் அறிவு அந்த யோசனையில் எங்கும் கணக்கில் எடுக்கப்படவில்லை. வேலையை மேற்பார்வை செய்வது, மதிப்பீடு போட்டுக் கொடுப்பது, இளைஞர்களுக்குப் பழக்குவது என்று அவருக்குப் பொருந்தும் வழிகளைத் தேடியிருக்கலாம்.

மூன்றாவது குறை நேரமும் மொழியும். வார நாட்களில் வேலை நேரத்தில் மட்டுமே திறந்திருப்பதால், வேலையை இன்னும் விடாமல் நோவோடு போய்க்கொண்டிருப்பவர்கள் வர முடிவதில்லை. முற்றவிட்டு வருவதை விட ஆரம்பத்திலேயே வருவது எவ்வளவோ நல்லது என்று அவர்களே சொல்கிறார்கள், ஆனால் கதவு திறந்திருக்கும் நேரம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளை ஒவ்வொரு தடவையும் அரை நாள் சம்பளத்தை விட்டுத்தான் வந்தாள். இறுதி அறிக்கை ஆங்கிலத்தில் மட்டும் தரப்படுகிறது. அதை முதலாளிக்கு நான்தான் வரி வரியாகத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. தமிழும் சிங்களமும் பேசும் தொழிலாளர்கள் வரும் இந்த ஊரில், இரண்டு மொழிகளிலும் ஒரு பக்கச் சுருக்கம் கொடுப்பது பெரிய வேலையில்லை.

நட்டஈட்டைப் பற்றி அங்கே எவரும் எதுவும் சொல்வதில்லை. அது தங்கள் பொறுப்பு அல்ல என்று அவர்கள் நினைக்கலாம். ஆனாலும் வருகிறவர்களில் பெரும்பாலானோர் கேட்கும் கேள்வி அதுதான். நம் நாட்டில் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கமாக வந்தது. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் ஏற்படும் விபத்தையும், அட்டவணையில் சொல்லப்பட்ட தொழில் நோய்களையும் சுற்றியே அது அமைந்திருக்கிறது. ஒரே நாளில் கை முறிந்தவருக்கு நாள், நேரம், சாட்சி எல்லாம் இருக்கும். வருடக்கணக்காக மெல்ல மெல்லத் தேய்ந்த நாரிக்கு எந்தத் தேதியைக் காட்டுவது? சர்வதேச தொழில் அமைப்பு 2010இல் திருத்திய தொழில் நோய்ப் பட்டியலில் மணிக்கட்டு நரம்பு நெரிவு, தசைநாண் அழற்சி போன்ற தசை, எலும்புக் கோளாறுகள் தனிப் பிரிவாகவே இடம்பெற்றிருக்கின்றன. அதே அமைப்பு 1967இலேயே கையால் சுமக்கும் பாரம் பற்றிய சமவாயத்தையும், வளர்ந்த ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்கும் உச்ச நிறை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதை விரைவாக அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்ற பரிந்துரையையும் வெளியிட்டது. 55 கிலோ பாதுகாப்பான அளவு என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. 23 கிலோக் கணக்கைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். நம் நாட்டில் தொழில் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமான தேசிய நிறுவகம் 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் எதைக் கேட்பது, எந்த மருத்துவப் பதிவுகளைப் பத்திரப்படுத்துவது என்று ஒரு துண்டுப்பிரசுரமாவது நிலையத்தில் வைத்திருக்க வேண்டும்.

தம்பி இப்போது முழு நாள் வேலை செய்கிறான். நாரி நோ முற்றாகப் போய்விட்டது என்று எழுத மாட்டேன். லொறி தொடர்ந்து வரும் நாட்களில் மாலையில் இறுக்கம் வருகிறது, அவன் தாளில் எழுதிய பயிற்சியைச் செய்துவிட்டுப் படுக்கிறான், காலையில் எழும்பிப் போகிறான். கடையில் மரத் தட்டுகள் இருக்கின்றன. கைவண்டியின் சக்கரம் மறுபடியும் பழுதானபோது முதலாளி தானே திருத்துவித்தார். ஆனால் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் இருவர் சேர்ந்து தூக்குவதை வெட்கமாக நினைக்கிறார்கள், தம்பிதான் அவர்களோடு ஒவ்வொரு நாளும் வாதாட வேண்டியிருக்கிறது. வேலைக்குத் திரும்பிய பிறகு நிலையத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு மட்டுமே வந்தது. சில மாதங்கள் கழித்து இன்னொரு முறை களஞ்சியத்தை வந்து பார்த்திருந்தால் இந்தப் பிரச்சினையை அவர்களே எடுத்துப் பேசியிருக்கலாம்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விடயங்கள். ஆபத்தான அறிகுறிகள் இருந்தால் முதலில் வைத்தியசாலை, பிறகுதான் இது. கடற்கரையில் வேலை செய்பவர்கள் கரைவலைக் காலம் தொடங்கிய பிறகு போவதை விட, வாடைக்காற்றால் கடல் கொந்தளித்துத் தொழில் ஓய்ந்திருக்கும் மாதங்களில் போவது நல்லது; பயிற்சிக்குத் தொடர்ச்சி வேண்டும், அந்த மாதங்களில் கூலி இழப்பும் குறைவு. எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் போக வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை, அவர்கள் அதைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. முதலாளி இருந்தால் அவரிடம் முன்கூட்டியே சொல்லி, அவருடைய தொலைபேசி இலக்கத்தை அனுமதியோடு கொண்டு போங்கள். வேலை செய்யும் இடத்தையும், நீங்கள் மூட்டையை எடுக்கும், வலையை இழுக்கும், மெசினில் உட்கார்ந்திருக்கும் நிலையையும் பக்கவாட்டிலிருந்து யாரையாவது கொண்டு கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். முன்னாலிருந்து எடுத்த படத்தில் உடம்புக்கும் பொருளுக்கும் இடையில் உள்ள தூரம் தெரியாது.